இரண்டு வாளி நல்ல தண்ணி

வாடை தொடங்கிய மூன்றாம் நாள்
செயினைத் தொட்டுப் பார்த்தேன்.
விரலில் வந்தது
தேயிலைச் சாயம் போல ஒன்று.

முப்பத்தொன்பது தவணை கட்டியாயிற்று.
இன்னும் ஒன்பது.
லீசிங்காரனுக்கு முந்தி
கறள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது.

என் வேலை மின்மானி வாசிப்பது.
காலையில் பண்ணைப் பாலம்,
வேலணை, பிறகு புங்குடுதீவுத் தாம்போதி.
போகையில் காற்று முதுகைத் தள்ளும்.
திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கும்:
முன்னால், இடப்பக்கத்தால்,
அலையின் நுனியைக் கிள்ளிக் கிள்ளி எறியும்.
கண்ணாடியில் காய்ந்த உப்பை
நக்கிப் பார்த்திருக்கிறேன்.
என் சிவப்பு வண்டியின் இடப்பக்கத்துக்கு
வலப்பக்கத்தைவிட
நாலு வயது கூட.

பூட்டிய வீடுகளின் மானியில்
போன மாத இலக்கமே நிற்கும்.
எழுதுவேன்: பூச்சியம் அலகு.
கேற்றின் பிணைச்சலில் மட்டும்
ஏதோ ஓடிக்கொண்டேயிருக்கும்,
ஆரும் வாசிக்காமல்.

முதல் மாரியில் ஒரு பிழை விட்டேன்.
நனைந்த வண்டியைத்
தறப்பாளால் இறுக்கி மூடினேன்.
விடியத் திறந்தால்
காய்ச்சல்காரன் போர்வைக்குள் கிடந்ததுபோல்
உள்ளே வேர்த்திருந்தது.
ஒரு கிழமையில் சைலன்சர் பொருக்கு வெடித்தது.
அதற்குப் பிறகு
எதையும் ஈரத்தோடு மூடுவதில்லை,
வீட்டுச் சண்டையைக்கூட.

குறிகட்டுவானில் படகு எஞ்சின் திருத்தும் மரியநேசன்
வண்டியைச் சுற்றி வந்து சொன்னான்:
"இதுக்கு நாகம் வேணும்."
எதிரே நயினாதீவு.
நான் கையெடுக்கப் போனேன்.
அவன் காட்டியது
எஞ்சினின் அடியில் ஒரு சாம்பல் கட்டி,
பாதி கடித்த பனங்கட்டி மாதிரி.
"கடல் எஞ்சினைத் தின்ன வரேக்க
இது தன்னைக் குடுக்கும்."
"என்ர வண்டிக்கும் கட்டலாமோ?"
"தண்ணிக்க நிண்டாத்தான் இது வேலை செய்யும்.
றோட்டில ஓடுறதுக்கு
நீதான்ரா நாகம்."

எங்கள் ஒழுங்கைக் கிணறுகள் எல்லாம் உவர்.
பவுசர் வரும், நாள்விட்டு நாள்.
குடிக்க, சமைக்க என்று அளந்த தண்ணியில்
இரண்டு வாளி
வண்டிக்குப் போகிறது.
மகன் உவரில் குளிக்கிறான்,
தலைமயிர் தும்புக் கயிறாய் நிற்கிறது.
வண்டி நல்ல தண்ணியில் குளிக்கிறது.
தர்மினி இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.
வாளியை வைக்கிற சத்தத்தில்
சொல்லியிருக்கிறாள்.

நேற்று தாம்போதிக்கு மேலால் தண்ணி.
பஸ் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது.
விரல் நீள மீன்கள்
வீதியின் வெள்ளைக் கோட்டைக்
குறுக்காகக் கடந்து போயின,
பள்ளிக்கூடம் விட்டதுபோல.
நான் இறங்கி
எஞ்சினை நிறுத்தாமல் உருட்டினேன்,
முழங்கால் வரை கடல்,
காற்சட்டைப் பையில்
ரியூப்பில் சுற்றிய மானிப் புத்தகம்.

வந்து சேர இரவு எட்டு.
முற்றத்தில் வாளிகள் வைத்திருந்தாள்.
இரண்டல்ல, மூன்று.
போன் லைற்றைப் பிடித்தபடி நின்றாள்.
நான் பழைய பல்துலக்கியால்
பல்லுப் பல்லாய்ச் செயினை உரசினேன்,
துடைத்தேன், காயவிட்டேன்,
கழிவொயிலைத் துணியில் நனைத்து
கம்பி கம்பியாய்த் தடவினேன்.

டாங்கியின் கீழே புதிதாய் ஒரு கீறல்.
தகரம் வெள்ளையாய்த் தெரிந்தது.
வெளிச்சம் உள்ளே போயிற்று.
திரும்பி வந்தபோது அவள் கையில்
நகப்பூச்சுக் குப்பி.
வண்டியின் சிவப்பில்லை, கொஞ்சம் ரோசா.
குந்தியிருந்து பூசினாள்.
ஊதினாள்.
இன்னொரு தரம் பூசினாள்.

குப்பியின் அடியில் மிஞ்சியது
ஒரு நகத்துக்குத்தான் காணும்.
சுண்டுவிரலை நீட்டிப் பார்த்துவிட்டு
அதில் இழுத்தாள்.

வாளியை வையும், நான் தூக்குகிறேன் என்றேன்.
அது காயட்டும்.